பிள்ளை வளர்ப்பு: வடசென்னை அம்மாக்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை சாயங்காலம் தண்டையார்பேட்டையில் ஒரு சமுதாயக் கூடத்தின் வராண்டாவில் உட்கார்ந்திருப்பேன். உளவியல் படித்தவள், இந்தப் பக்கத்திலேயே பிறந்து இந்தப் பக்கத்திலேயே வாழ்க்கைப்பட்டவள் என்பதால் பெண்கள் கூச்சமில்லாமல் வந்து கேட்பார்கள். பதினாறு வருஷமாகக் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். "எழுதிக் குடுத்தீங்கன்னா எங்க நாத்தனாருக்கும் அனுப்புவேன்" என்று ஒருத்தி சொன்னாள், அதனால் இது. கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

யக்கா, விடியகாலம் மூணு மணிக்கே காசிமேட்டுக்கு ஏலத்துக்குப் போயிடுறேன். பத்து மாசப் புள்ள எங்க ஆயாகிட்டதான் கீது. ஆயாவையே அம்மான்னு நெனச்சிக்குமா?

நினைக்காது. (இந்தப் பக்கத்தில் பாட்டியைத்தான் ஆயா என்போம்.) ஆயா மேலும் உயிராக இருக்கும், உங்கள் மேலும் உயிராக இருக்கும். இதில் பங்கு பிரிக்க ஒன்றுமில்லை.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டையும் பெற்றோரையும் இழந்த குழந்தைகளைப் பற்றி, ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். சோறும் துணியும் கொடுத்தால் மட்டும் பிள்ளை வளர்ந்துவிடாது, நெருக்கமான, அறுபடாத ஓர் உறவு வேண்டும் என்றார். பெரிய உண்மை. ஆனால் அந்த உறவின் பாரத்தை முக்கால்வாசி அம்மா தலையில் ஏற்றிவிட்டார். வேலைக்குப் போகும் பெண்களைக் குத்திக்காட்ட அதன்பின் பலருக்கு அது வசதியாகப் போயிற்று.

1964இல் ருடால்ஃப் ஷாஃபரும் பெக்கி எமர்சனும் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதினார்கள். கிளாஸ்கோ கப்பல் கட்டும் ஊர். அவர்கள் பார்த்ததும் தொழிலாளர் வீடுகளைத்தான், ஏறக்குறைய நம்ம ஏரியா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வயது ஆவதற்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் ஒட்டியிருந்தன. அப்பா, பாட்டி, அக்கா, பக்கத்து வீட்டு அம்மா என்று. யாரிடம் அதிகம் ஒட்டின என்று பார்த்தால், அதிக நேரம் கூட இருந்தவரிடமோ சோறு ஊட்டியவரிடமோ அல்ல. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தவரிடம், சிரித்தால் பதிலுக்குச் சிரித்தவரிடம்.

ஆகவே நீங்கள் பத்து மணிக்கு வந்து கூடையை இறக்கியதும் பிள்ளையைத் தூக்கி, அதன் முகத்தைப் பார்த்து அரை மணி நேரம் கதை பேசினால் போதும். குளித்துவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்று மாமியார் சொன்னால் அது உங்கள் வீட்டு வழக்கம். பிள்ளைக்கு அந்த மீன் வாடைதான் அம்மா வாடை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. இன்றைக்கு ஆயா, நாளைக்கு எதிர்வீடு, மறுநாள் யார் கிடைக்கிறார்களோ அவர்கள் என்று கை மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளை தவிக்கும். இரண்டு மூன்று பேராக இருக்கட்டும், ஆனால் அதே இரண்டு மூன்று பேராக இருக்கட்டும்.

நான் கிளம்பும்போது பாத்தா அயுவுது. வெளையாட்டு காட்டச் சொல்லிட்டு நைஸா நழுவிப் போயிடலாமா?

வேண்டாம். நான் செய்து பட்டிருக்கிறேன். என் மகளுக்கு ஒரு வயது இருக்கும்போது, பேசின் பிரிட்ஜில் ரயில் பிடிக்க வேண்டும் என்று இரண்டு மாதம் அப்படித்தான் பின்வாசல் வழியாக ஓடினேன். கிளம்பும்போது அழுகை இல்லை, நிம்மதி. ஆனால் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் என் முந்தானையை விடவில்லை. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருப்பாள். நான் எப்போது மறைவேன் என்று அவளுக்குத் தெரியாது, அதனால் எப்போதும் காவல்.

சுமார் எட்டு மாதத்தில் பிள்ளைக்கு ஒரு புது அறிவு வருகிறது: கண்ணுக்குத் தெரியாத பொருளும் எங்கோ இருக்கிறது. துணிக்கு அடியில் ஒளித்த கிலுகிலுப்பையைத் துணியை விலக்கி எடுக்கும். ஜான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் தன் சொந்தப் பிள்ளைகளிடம் இதைத்தான் கவனித்து எழுதினார். அம்மாவும் அப்படித்தான். இங்கே இல்லை என்றால் எங்கோ இருக்கிறாள் என்று தெரிகிறது. எப்போது வருவாள் என்பது மட்டும் தெரியவில்லை. அந்த இடைவெளிதான் அழுகை. ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் இது உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் தணியும்.

கன்னத்தைத் தொட்டு, "போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போங்கள். நம் பாஷையில் "போறேன்" என்று சொன்னாலே பெரியவர்கள் வாயில் அடிப்பார்கள், "வரேன்னு சொல்லு" என்று. அந்த "வரேன்"தான் பிள்ளைக்கு வேண்டியது. மூன்று முறை வாசலுக்கு வந்து மூன்று முறை திரும்பிப் போய்க் கொஞ்சினால் அதற்கும் குழப்பம், உங்களுக்கும் ரயில் போய்விடும்.

மேரி எய்ன்ஸ்வர்த் என்ற பெண்மணி 1950களில் உகாண்டாவில் கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், பிறகு அமெரிக்காவில் பால்டிமோரிலும் தாய்களையும் குழந்தைகளையும் பார்த்தவர். ஒரு சோதனை வடிவமைத்தார். ஒரு வயதுக் குழந்தை, பொம்மைகள் உள்ள அறை. அம்மா சிறிது நேரம் வெளியே போய்த் திரும்புவார். பிள்ளை எவ்வளவு அழுதது என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா திரும்பி வந்தபோது என்ன செய்தது என்று பார்த்தார். ஓடி வந்து கட்டிக்கொண்டு, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போனால் அந்த உறவு உறுதியானது. திரும்பிக்கூடப் பார்க்காத பிள்ளையைத்தான் அவர் யோசனையோடு பார்த்தார். எனவே காலையில் அழுகிறதே என்று மனம் நொந்து போகாதீர்கள். சாயங்காலம் எப்படி வரவேற்கிறது என்று பாருங்கள்.

ஆறு மாசம் வரைக்கும் யார் தூக்குனாலும் போச்சு. இப்ப சொந்த சித்தி தூக்குனாலே கத்துது. கண்ணு பட்டுடுச்சா?

இல்லை. தெரிந்த முகம் எது, தெரியாத முகம் எது என்று பிரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. திருஷ்டி கழிப்பதால் கெடுதல் இல்லை, கற்பூரத்தை மட்டும் பிள்ளையிடமிருந்து தள்ளி வையுங்கள். சித்தியை உடனே தூக்கச் சொல்லாமல் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

வூட்டுக்காரர் விசைப்படகுல போறாரு. பத்து நாள் கழிச்சு வந்தா புள்ள கிட்டவே போவ மாட்டேங்குது. அவரு மனசு ஒடிஞ்சி போறாரு.

அவரிடம் சொல்லுங்கள்: அது மறதி இல்லை, கோபம். பௌல்பியோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன், ஆஸ்பத்திரியில் தனியாக விடப்பட்ட சின்னக் குழந்தைகளை உட்கார்ந்து கவனித்தவர். முதலில் கத்தி அழும், பிறகு ஓய்ந்து வாடும், அதற்கும் பிறகு எதுவுமே நடக்காதது போல இருக்கும், அம்மா வந்தாலும் முகம் திருப்பும் என்று மூன்று கட்டமாகச் சொன்னார். உங்கள் பிள்ளை வீட்டிலேயே, ஆயா மடியிலேயே இருப்பதால் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் அந்த முகத் திருப்பல் அதே ஜாதிதான்.

வந்ததும் பாய்ந்து தூக்க வேண்டாம். தரையில் உட்காரட்டும், வலையின் நுனியையோ ஒரு டப்பாவையோ வைத்து அவர் பாட்டுக்கு விளையாடட்டும். பிள்ளை தானாக நகர்ந்து வரும். கடலில் இருக்கும் நாட்களில் ஆயா தினமும் ஒருமுறை போட்டோவைக் காட்டி "நைனா கடலுக்குப் போயிருக்கு, வரும்" என்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில்தான். கையில் காசு இல்லாத காலம் என்று எல்லோருக்கும் எரிச்சல். ஆனால் நான் பார்த்த வீடுகளில் அப்பாவும் பிள்ளையும் ஒட்டிக்கொண்டது பெரும்பாலும் அந்த இரண்டு மாதத்தில்தான். குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது இரண்டையும் அப்போது அவரிடமே விட்டுவிடுங்கள்.

அயுதா உடனே தூக்காத, கெட்டுப் போயிடும்னு சொல்றாங்களே?

முதல் ஆறு மாதத்தில் தூக்கித் தூக்கிக் கெட்ட பிள்ளை கிடையாது. உடனுக்குடன் கவனிக்கப்பட்ட குழந்தைகள் ஒரு வயது நெருங்கும்போது குறைவாக அழுதன என்று 1972இல் எய்ன்ஸ்வர்த்தும் சில்வியா பெல்லும் எழுதினார்கள். அதை மறுத்து வாதிட்டவர்களும் உண்டு. எப்படியும் அவ்வளவு சின்னக் குழந்தைக்கு நம்மை ஏமாற்றும் அளவுக்குச் சாமர்த்தியம் கிடையாது.

அடியாத மாடு படியாதுன்னு சொல்வாங்க. ரெண்டு தட்டு தட்டாம எப்பிடிக்கா வளக்குறது?

மாட்டுக்கே அந்தப் பழமொழி சரியா என்று எனக்குச் சந்தேகம். புளியந்தோப்பில் மாடு வளர்க்கிற ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "அடிச்ச மாடு பால் ஒழுங்கா குடுக்காதும்மா."

எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கேலரும் 2016இல் 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் சுமார் 1,60,000 குழந்தைகள். கம்பு, பெல்ட் எல்லாம் இல்லை, வெறும் கையால் தட்டுவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தட்டு அதிகம் வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும், பெற்றோரோடு மனவிலகலும் அதிகமாக இருந்தன. சொல் பேச்சு கேட்பது கூடவில்லை. முரட்டுப் பிள்ளை என்பதால்தான் அடி வாங்கியதோ என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. அடியால் நன்மை என்று காட்டுவது மட்டும் எதுவும் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. மனத்தைப் புண்படுத்துவதையும் சேர்த்து. "நல்லா நாலு போடுங்க சார்" என்று நாமே வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வருவதை முதலில் நிறுத்த வேண்டும்.

அடிக்காவிட்டால் விட்டுவிடுவதா? இல்லை. டயானா பாம்ரிண்ட் 1960களில் பெற்றோரை மூன்று மாதிரியாகப் பிரித்தார்: சொன்னால் சொன்னதுதான் என்பவர்கள், கேட்டதெல்லாம் கொடுப்பவர்கள், கண்டிப்பும் பாசமும் காரணமும் சேர்த்துத் தருபவர்கள். மூன்றாவது ரகம்தான் கஷ்டம். ரோட்டில் ஓடினால் கையைப் பிடித்து இழுத்து நிறுத்துங்கள், "லாரி வரும், இங்க கையைப் பிடிச்சித்தான் நடக்கணும்" என்று சொல்லுங்கள், அழுதாலும் கையை விடாதீர்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்டிப்பு என்பது அந்த விடாத கைதான், அறை அல்ல.

அதெல்லாம் சரி. நேத்து கத்தி, முதுகுல ஒண்ணு வெச்சிட்டேன். ராவெல்லாம் தூக்கம் வரல. இப்ப இன்னா பண்றது?

இதுதான் நான் அதிகம் எதிர்பார்க்கும் கேள்வி, பெண்கள் கடைசியாக, எழுந்து போகும்போது கேட்கும் கேள்வியும் கூட.

எட்வர்ட் ட்ரோனிக் என்பவர் 1970களில் ஒரு சோதனை செய்தார். அம்மா சில மாதக் குழந்தையோடு கொஞ்சி விளையாடுவார். திடீரென்று முகத்தைச் சிலை மாதிரி வைத்துக்கொள்வார், இரண்டு மூன்று நிமிஷம். பிள்ளை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தளர்ந்துவிடும். பார்க்கவே முடியாது. பிறகு அம்மாவின் முகம் மறுபடி உயிர் பெறும், பிள்ளை கொஞ்சம் முறைத்துவிட்டுத் திரும்ப வரும்.

அவருடைய வேலையில் எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. நன்றாக வளரும் பிள்ளைகளும் அம்மாக்களும்கூட எல்லா நேரமும் தாளம் சேர்ந்து இருப்பதில்லை. பாதி நேரம்கூட இல்லை. பிள்ளை சிரிக்கும்போது அம்மா கொட்டாவி விடுவாள், அம்மா கொஞ்சும்போது பிள்ளை தூக்கத்துக்குச் சிணுங்கும். தப்புவதும் சேர்வதும், தப்புவதும் சேர்வதும். தப்பினால் சரிசெய்ய முடியும் என்று பிள்ளை கற்றுக்கொள்வது அந்தச் சேர்வதில்தான். குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகாட் "போதுமான அளவு நல்ல அம்மா" என்று சொன்னதும் இந்த அர்த்தத்தில்தான். குறையே இல்லாத அம்மா பிள்ளைக்குத் தேவையுமில்லை.

எனவே இன்றைக்கே போய், பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, "அம்மா கோவத்துல அடிச்சிட்டேன், அது தப்பு" என்று சொல்லுங்கள். "நீ அப்படிப் பண்ணினதாலதான்" என்று சேர்க்காதீர்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் மன்னிப்புக் கேட்பதில்லை, தட்டில் ஒரு வறுத்த மீன் துண்டு கூடுதலாக விழும், அதுதான் மன்னிப்பு. மீனும் வையுங்கள், வாயாலும் சொல்லுங்கள். ஒன்று: இதையே வாரத்துக்கு நான்கு தடவை சொல்ல வேண்டியிருந்தால், பிள்ளையைவிட உங்கள் உடம்பையும் மனத்தையும்தான் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம், இலவசம்.

செல்லு குடுத்தாத்தான் வாயத் தொறக்குது.

2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு: இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் திரை இருந்தால் பிள்ளைக்குப் பசி அடங்கியதும் தெரியாது, ருசியும் தெரியாது. நிறுத்தினால் நான்கைந்து நாள் ரகளை நடக்கும், ஆரோக்கியமான பிள்ளை ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. மாடிப்படியில் உட்கார்ந்து காக்காய்க்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய் என்று ஊட்டிய காலம் போய்விடவில்லை. நம் கையில் இருக்கும் செல்லையும் கீழே வைக்க வேண்டும். மேலே சொன்ன சிலை முகம், செல் பார்க்கும்போது நமக்கு இருக்கும் முகம்தான்.

ரெண்டு வயசாவுது, இன்னும் பேச்சு வரல. அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாராம். வசம்பு தேய்க்கச் சொல்றாங்க.

வசம்பால் பேச்சு வராது. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் "பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொல்ல மாட்டேன். ஒரு வயதில் மழலையோ, விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை; ஒன்றே கால் வயது தாண்டியும் ஒரு சொல்கூட இல்லை; இரண்டு வயதில் "அம்மா வா", "பாலு வேணும்" என்று இரண்டு சொல் சேரவில்லை; பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை; வந்த பேச்சு நின்றுபோனது. இதில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே காட்டுங்கள். முதலில் காது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, எழும்பூரில் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. பால்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம், பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதிப்பதற்கென்றே 2013இல் தொடங்கிய திட்டம் அது. ஒருவேளை எல்லாம் சரியாக இருந்தால் பஸ் காசு மட்டும் நஷ்டம்.

வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாக வளர்வதால் பேச்சு தள்ளிப்போகிறது என்பதும் தவறு. கொருக்குப்பேட்டையில் பாதிப் பேர் அப்படி வளர்ந்து இரண்டு பாஷையிலும் வாயாடுகிறார்கள்.

தம்பி பொறந்ததுலேர்ந்து பெரியவன் பாயிலயே ஒண்ணுக்குப் போறான்.

கொஞ்ச நாளில் நிற்கும். "நீ பெரியவன் ஆயிட்ட" என்று தினமும் சொல்லாதீர்கள், அதுதான் அவனுக்குப் பிடிக்காத செய்தியே.

ஒரே ரூமு வூடு. நாங்க சண்ட போட்டா புள்ளைங்க முன்னாடிதான் போடணும்.

சண்டையே போடாத புருஷன் பெண்டாட்டி யாரும் என்னிடம் வந்ததில்லை. மார்க் கம்மிங்ஸ் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். பெரியவர்களின் சண்டை முடிவதைப் பார்த்த பிள்ளைகளின் கலக்கம் வெகுவாகக் குறைந்தது. முடியாமல் தொங்கும் சண்டையும், நாள்கணக்கில் பேசாமல் இருப்பதும்தான் அவர்களை அரித்தன. நம் வீடுகளில் சண்டை பிள்ளைகள் எதிரில் நடக்கிறது, சமாதானம் அவர்கள் தூங்கிய பிறகு நடக்கிறது. அதையும் கொஞ்சம் பகலில் செய்யுங்கள். "டீ போடட்டா?" என்று கேட்டால் போதும்.

இதெல்லாம் வாய்ச்சண்டைக்கு. குடித்துவிட்டுக் கை ஓங்குகிற வீட்டில் "சமாதானத்தைக் காட்டு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. உதவிக்குக் கூப்பிட, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இரண்டையும் மனப்பாடம் செய்து வையுங்கள், செல்லில் பதிந்தால் அதைப் பிடுங்கிவிடுவார்கள்.

பதினஞ்சு வயசுப் பையன். எங்கிட்ட ஒரு வார்த்த பேசறதில்ல, கேரம் கிளப்புல மட்டும் வாய் ஓயறதில்ல. ராத்திரி பைக்க எடுத்துனு போறான்.

பேசாதது வயது. பைக் வேறு விஷயம். 2005இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க்கும் கணினியில் கார் ஓட்டும் ஆட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது விடலைகள் ஆபத்தை மிக அதிகமாக விலைக்கு வாங்கினார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. உங்கள் மகன் தனியாக இருக்கும்போது புத்திசாலி, பின் சீட்டில் இன்னொருவன் ஏறினால் வேறு ஆள். எனவே புத்திமதியைவிடச் சாவி முக்கியம், சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.

பேச வேண்டுமானால் எதிரில் உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். தண்ணீர்க் குடம் தூக்கும்போது, மார்க்கெட்டுக்குக் கூட நடக்கும்போது, முகம் பார்க்காமல் பேச விடுங்கள். வியாசர்பாடியில் பந்து ஆடுகிற பையன் என்றால் ஒரு மேட்ச் போய்ப் பாருங்கள், கைதட்ட வேண்டாம், ஓரமாக நில்லுங்கள்.

எங்க ஆயா போன வாரம் செத்துட்டாங்க. நாலு வயசுப் பொண்ணு கேட்டா ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வெச்சிருக்கோம்.

மாற்றிச் சொல்லுங்கள். ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள், அவளுக்கு அது தெரியும். ஆயா சொல்லாமல் போய்விட்டாள், வரவும் இல்லை என்றால், அடுத்த தடவை நீங்கள் "போய்ட்டு வரேன்" என்னும்போது அவள் எதை நம்புவாள்? "தூங்கிட்டாங்க" என்றும் வேண்டாம், ராத்திரி கண்ணை மூடப் பயப்படுவாள். "ஆயாவுக்கு உடம்பு வேலை செய்யறது நின்னு போச்சு. செத்துட்டாங்க. இனிமே வர மாட்டாங்க. நமக்கு அழுகையா வருது" என்று சொல்லுங்கள். சாவு என்றால் மீளாதது என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் முழுதாகப் பிடிபடும். அதனால் கேட்டதையே கேட்பாள். "ஆயா எப்ப வருவாங்க?" என்று இருபது தடவை கேட்டால் இருபது தடவையும் அதே பதிலைச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் மேளம் வைத்து, பூப்பல்லக்கில், ரோடு முழுக்கப் பூ இறைத்துக்கொண்டுதான் எடுத்துப் போனார்கள். அவளும் மாடியிலிருந்து பார்த்திருப்பாள். பார்த்ததை மறைக்க முடியாது.

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண் அன்றைக்கே போய்ச் சொன்னாளாம். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆயாவின் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி வந்து, "அப்ப இத நான் வெச்சிக்கட்டா?" என்று கேட்டதாம்.